கேமராக்காரர் இன்னும் வரலையா?

"கேமராக்காரன் இன்னும் வரலையாலே?"

மணமேடையில் நின்றபடி மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி முத்துகிருஷ்ணன் இப்படிக் கேட்டபோது, கேமராக்காரன் இசக்கிராஜா அவருக்கு இரண்டடி முன்னால் நின்று அவரை நாற்பதாவது படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் மாமா," என்றான்.

முத்துகிருஷ்ணன் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். இந்தக் கல்யாணத்தில் எது நடந்தாலும் தன்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று தானே தீர்மானம் போட்டுத் தானே நிறைவேற்றியிருந்தார். அவர் இசக்கிராஜாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கடைசியில் கையைப் பார்த்தார்.

"கையில என்னது?"

"கேமரா மாமா."

"இதுவா? எம்மவ ஸ்கூலுக்குக் கொண்டுபோற டிபன் பாக்ஸே இதைவிடப் பெருசு. சரி, பெரிய கேமரா எப்ப வரும்?"

"இதுதான் மாமா பெரிய கேமரா. விலையில பெருசு."

"விலை ஆல்பத்துல தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் கேமராவை விற்ற மதுரைக் கடைக்காரன் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தான். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது எழுந்து உட்காரும். 'டடக்' என்று கேட்பது அதுதான். புதிய மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது. எழுந்து உட்கார ஆளில்லாததால் சத்தமும் கிடையாது, எடையும் பாதி. எதிரே நிற்பவரின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்துப் பச்சைக் கட்டம் போடும். படம் எப்படி விழும் என்பதை எடுப்பதற்கு முன்பே காட்டிவிடும்.

"எடுத்த பிறகு பார்த்து வருத்தப்படுற வேலை இல்லை சார்," என்று கடைக்காரன் சொன்னான். "முன்னாடியே வருத்தப்பட்டுக்கலாம்."

இசக்கிராஜாவின் பழைய கேமரா ஒன்பது வருஷம் உழைத்தது. கழுத்தில் மாட்டினால் கைக்குழந்தையின் கனம். அமுக்கினால் டிரங்குப் பெட்டியை மூடுகிற சத்தம். அதில் ஒரு குறையும் இல்லை. அவன் புதிய கேமரா வாங்கியது படத்துக்காக அல்ல, கல்யாணத்துக்காக. அதாவது, அவனுடைய கல்யாணத்துக்காக.

அவனுக்கு முப்பத்துநாலு வயது. பதினோரு வரன்கள் தட்டிப்போயிருந்தன. "முகூர்த்த நாளெல்லாம் அடுத்தவன் கல்யாணத்துல நிப்பான். எம்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு விசேஷத்துக்குப் போவானா?" என்று கேட்டார் ஒரு பெண்ணின் தகப்பனார். அவன் கல்யாணத்துக்கே அவனுக்குத் தேதி ஒழியுமா என்று கேட்டார் இன்னொருவர். இரண்டுமே நியாயமான கேள்விகளாக இருந்ததுதான் சங்கடம்.

பன்னிரண்டாவது வரன் கழுகுமலை ஐஸ்வர்யா. கூட்டுறவு வங்கியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. போன வாரம் தரகர் சீனித்தாய் போன் செய்தார்.

"ராசா, பொண்ணோட அப்பா ரிட்டையர்டு வாத்தியாரு. ஞாயித்துக்கிழமை நீ படம் புடிக்கப் போற கல்யாணத்துக்கு அவருக்கும் பத்திரிகை வந்திருக்காம். நீ வேலை செய்யுதத ஓரமா இருந்து பாப்பாராம்."

"அதுக்கு முந்தி என் போட்டோ ஒண்ணு அனுப்பட்டுமாக்கா?"

"வேண்டாம்னுட்டாரு. போட்டோ புடிக்கவன் போட்டோவை எப்படி நம்புறது, அவனே அவனைச் செவப்பாக்கியிருப்பான்னு சொல்லுதாரு."

உண்மைதான். ஆக்கி வைத்திருந்தான்.

"ஆளு எப்படி இருப்பாருக்கா?"

"அதைச் சொன்னா நீ அவரையே பாத்துப் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்ப. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. இதுவும் தட்டிப்போச்சுன்னா எங்கிட்ட வேற சாதகம் இல்ல, சொல்லிட்டேன்."

மறுநாளே இசக்கிராஜா மதுரைக்குப் பஸ் ஏறினான். காலத்தோடு ஒட்டி நடக்கிற மாப்பிள்ளை என்று வாத்தியாருக்குப் பட வேண்டும் அல்லவா.

இப்போது அந்த வாத்தியார் இந்த மண்டபத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருந்தார். எங்கோ என்ன, இசக்கிராஜா கண்டுபிடித்தே விட்டான். இரண்டாவது வரிசை, ஓர நாற்காலி. அடர்ந்த மீசை. யாரோடும் பேச்சில்லை. கையைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாலே மார்க் போடுகிற முகம். அவரை ஏற்கெனவே பதினேழு படம் எடுத்தாயிற்று, எல்லாம் நல்ல கோணத்தில்.

முகூர்த்தம் பத்தரைக்கு. தாலி கட்டியதும் ஜனம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடிக்க ஓடிவிடும் என்பதால், எட்டு மணிக்கே பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் நிறுத்தி, சொந்தபந்தங்களோடு படம் எடுத்து முடித்துவிட வேண்டும் என்பது முத்துகிருஷ்ணனின் ஏற்பாடு.

முதலில் ஓட்டப்பிடாரத்துச் சொந்தங்கள் பதினாலு பேர் ஏறினார்கள். நின்றார்கள். சிரித்தார்கள். இசக்கிராஜா எடுத்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"எடுத்தாச்சுங்க. அடுத்தவங்க வரலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"எங்க எடுத்திய? சத்தத்தையே காணோம்," என்று முன்னால் நின்ற அத்தை சிரிப்பைக் கலைக்காமல் கேட்டார்.

"இதுல சத்தம் வராதுங்கத்தை."

"சத்தம் வராட்டா படம் விழலைன்னுதானே அர்த்தம்?"

இசக்கிராஜா கேமராவின் பின்பக்கத் திரையைத் திருப்பிக் காட்டினான். பதினாலு பேரும் பளிச்சென்று இருந்தார்கள். அத்தை உற்றுப் பார்த்தார்.

"நாங்க நிக்கது தெரியுது. சரி. எப்ப எடுப்பிய?"

மேடைப் படியிலிருந்து வாசலில் சந்தனம் வைத்திருந்த மேசை வரை வரிசை நீண்டது. முத்துகிருஷ்ணன் வந்தார்.

"தம்பி, தீக்குச்சியை உரசினா சர்ருனு ஒரு சத்தம் வரணும்லா. வரலைன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம் மாமா?"

"நமுத்துப்போச்சுன்னு அர்த்தம். உன் கேமரா நமுத்துப்போச்சு. வேற எடு."

வேறு கேமரா பைக்குள் இருக்கத்தான் செய்தது. பழையது. கனமில்லாவிட்டால் அது கேமராப் பை மாதிரியே இல்லை என்பதால் தூக்கி வந்திருந்தான். ஆனால் அதற்குரிய மெமரி கார்டு பழைய வகை, தடியானது. அது ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் மேல் கிடந்தது. புதுக் கேமராவின் கார்டு அதில் நுழையாது. தவிர, மீசைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது புதியதை உள்ளே வைத்துவிட்டுப் பழையதை எடுப்பதா?

அவன் ஓரமாக ஒதுங்கி மெனுவுக்குள் போனான். அதில் மணியாச்சி ஜங்ஷனை விட அதிகத் தடங்கள் இருந்தன. நாலு தடம் மாறி, சத்தம் வரவழைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தினான். 'டிங்' என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

அடுத்து ஏறியது கடம்பூர்க்காரர்கள். 'டிங்.'

ஆண்கள் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குள் பார்த்தார்கள்.

மறுபடியும் 'டிங்.' இப்போது மாப்பிள்ளையும் பட்டு வேட்டியின் மடிப்பிலிருந்து போனை எடுத்தார். "எனக்கில்ல, உனக்கான்னு பாரு," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். புதுக் கேமரா ஒன்பது பேர் கண்ணையும் விடாமல் தேடியது. எல்லாக் கண்ணும் அவரவர் பைக்குள் இருந்ததால் கட்டம் போட இடமில்லாமல் தவித்தது.

சத்தத்தை அணைத்தான். இனி ஒரே வழிதான். அடுத்த குடும்பத்துக்குப் படத்தை எடுத்துவிட்டு, "டக்," என்று வாயால் சொன்னான்.

மணப்பெண் சிரிப்பை அடக்கக் குனிந்தவள்தான், மாலைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துமுடித்து வெளியே வர மூன்று நிமிஷம் ஆயிற்று.

"என்னடே இது, வாயாலயே போட்டோ புடிக்கான்," என்றார் மாப்பிள்ளையின் சித்தி. "இவனைக் கூப்பிட்டதுக்கு நம்ம பெரியவனையே கூப்பிட்டிருக்கலாம். அவன் கோழி மாதிரிகூடக் கூவுவான்."

இரண்டாவது வரிசையில் மீசைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாவது வரனில் இசக்கிராஜாவுக்குக் கண்ணெதிரே மார்க் குறைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தூணில் சாய்ந்து நின்ற தங்கப்பாண்டியன் கண்ணில் பட்டான். மேடைக்குப் பூ அலங்காரம் செய்தவன். விடியற்காலையிலேயே வேலையை முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் பந்திக்காகக் காத்திருந்தான். நல்ல உயரம்.

"அண்ணாச்சி, ஒரு உதவி," என்று பழைய கேமராவை நீட்டினான் இசக்கிராஜா. "இதைப் பிடிச்சுக்கிட்டு எம்பக்கத்துல நில்லுங்க. நான் விரலைக் காட்டும்போது இந்தப் பட்டனை அமுக்கணும்."

"எனக்குப் போட்டோ எடுக்கத் தெரியாதே."

"எடுக்க வேண்டாம். இதுல கார்டே கிடையாது. சத்தம் மட்டும் வந்தாப் போதும்."

"அவ்வளவுதானா? பந்தி எப்ப?"

"தாலி கட்டினதும்."

"கொடுங்க."

போகிற போக்கில் பளாச்சென்று வெளிச்சமும் வரட்டும் என்று பிளாஷையும் அதன் தலையில் மாட்டிவிட்டான்.

'டடக்.'

மண்டபமே மூச்சு விட்டது. ஓட்டப்பிடாரத்து அத்தை, இரண்டாம் தடவையாக வரிசையில் நின்று வந்தவர், ஒரே சத்தத்தில் திருப்தியாகி இறங்கிப் போனார். வரிசை சரசரவென்று நகர்ந்தது.

முத்துகிருஷ்ணன் இசக்கிராஜாவின் தோளைத் தட்டினார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல தம்பி. கேமராக்காரரைக் கூட்டியாராம நீ மட்டும் வந்துட்டியோன்னு பயந்துட்டேன்." பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏலே, கேமராக்காரருக்கு ஒரு கலர் கொண்டாங்க," என்றார்.

கலர் வந்தது. தங்கப்பாண்டியன் குடித்தான்.

பத்துக் குடும்பம் ஏறி இறங்கிய பிறகுதான் இசக்கிராஜா திரையைச் சரியாகப் பார்த்தான். பச்சைக் கட்டம் எல்லோர் கண்ணிலும் ஒழுங்காக விழுந்திருந்தது. கண்கள்தான் அவனைப் பார்க்கவில்லை. சத்தம் வருகிற பக்கம் பார்த்திருந்தன. பத்துக் குடும்பமும் பக்கத்து வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பது போல இடதுபக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

சரி, இருவரும் ஒரே இடத்தில் நின்றால் ஆயிற்று. அவன் தங்கப்பாண்டியனின் அக்குளுக்கடியில் புகுந்து, அங்கிருந்து கேமராவை நீட்டினான்.

"ஏ தம்பி, கேமராக்காரருக்கு மறைக்காத," என்றது ஒரு குரல். ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேடைக்குக் கீழே இறக்கிவிட்டது.

மறுபடியும் ஏறினான். இந்தத் தடவை மறைக்காமல், எட்டி நின்று, தங்கப்பாண்டியனை நகர்த்தினான்.

"இடதுபக்கம் வாங்க. இன்னும். குனிங்க. அவ்வளவு இல்ல. நிமிருங்க. ஏன் சும்மா நிக்கிறீங்க, அமுக்குங்க."

தங்கப்பாண்டியன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். பந்தி வரை அவனுக்கு வேறு வேலை இல்லை. நடுநடுவே, பூக்காரன் என்பதால், கோணிப்போன மாலையைக் கண்டால் பொறுக்காமல் நேரே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தான். கைத்தடியோடு வந்த ஓர் ஆச்சியைப் படியில் கைபிடித்து ஏற்றி, "கண்ணை மூடாதிய ஆச்சி, வெளிச்சம் வரும்," என்று சொல்லி அமுக்கினான். ஆச்சி அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கார்டு இல்லாத கேமராவில் அவ்வளவு கவனமாக யாரும் படம் எடுத்ததில்லை.

"பாவம், அந்த மனுசன் எவ்வளவு தன்மையா எடுக்காரு," என்று கீழே ஒரு பெண் சொல்வது இசக்கிராஜாவுக்குக் கேட்டது. "இந்தச் சின்னவன்தான் சும்மா அவரைப் போட்டு ஏவிக்கிட்டே இருக்கான்."

இசக்கிராஜா அதைப் பொருட்படுத்தவில்லை. மீசைக்காரர் நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை வைத்து வேலை வாங்கும் திறமைக்கும் வாத்தியார் மார்க் போடுவார் என்று தோன்றியது. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "என்ன அண்ணாச்சி, எத்தனை தடவை சொல்லுறது," என்றான்.

பத்தரைக்கு மேளம் கொட்டி முழங்கியது. தாலி கட்டும்போது பெண் குனிந்திருந்தாள், மாப்பிள்ளை முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எந்தக் கேமராவையும் பார்க்காததால், 'டடக்' தொடங்கிய பிறகு ஒழுங்காக வந்த படங்கள் அவைதான். இருபத்துமூன்று. இருபத்துநாலாவதுக்குத் திரை இருண்டது.

பழைய கேமராவின் பாட்டரி ஒரே சார்ஜில் இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் தாங்கும். புதியது, படத்தை முன்பே காட்டிக் காட்டி, மூன்றாவது பாட்டரியையும் குடித்துத் தீர்த்திருந்தது. முத்துகிருஷ்ணன் தங்கப்பாண்டியனின் தோளில் கைபோட்டு முதல் பந்திக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். இசக்கிராஜா பிளக் தேடி ஓடினான்.

மண்டபத்தில் காலியாக இருந்த ஒரே பிளக் சமையல்கட்டு வாசலில், தேங்காய் துருவும் மிஷினுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருந்தது. சார்ஜரைச் செருகிவிட்டு, யாரும் தட்டிவிடாமல் இருக்கப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். துருவல் அவன் தலையில் பூவாகத் தெறித்தது.

சாப்பிட்டுக் கைகழுவி வந்த ஒருவர் அவன் முன்னால் நின்றார். மழித்த முகம், மூக்குக் கண்ணாடி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, மேடையில நின்னாரே கேமராக்காரரு, அவரு எப்படி ஆளு? பந்தியில எம்பக்கத்துலதான் இருந்தாரு. பேச்சு ரொம்பக் கிடையாது போல."

வேறு ஏதோ கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறார் என்று இசக்கிராஜாவுக்குப் புரிந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"யாரு, அவனா? அவனுக்குக் கேமராவைப் பிடிக்கவே தெரியாதுங்க. காலையிலதான் நான் சொல்லிக்கொடுத்தேன்."

"அப்படியா? எல்லாரையும் நல்ல மாதிரியா நிறுத்தி எடுத்தாரே."

"எடுத்தான், ஒரு படமும் விழாது. அந்தக் கேமராவுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. எல்லாப் படமும் இந்தா, இதுலதான் இருக்கு."

அவர் அவன் மடியிலிருந்த சின்னக் கேமராவைப் பார்த்தார். தலையிலிருந்த தேங்காய்த் துருவலைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிய?"

"பன்னெண்டு வருஷம்."

"பன்னெண்டு வருஷம் ஆகியும் கீழதான் உட்கார்ந்திருக்கிய."

"பிளக்கு இங்கனதானங்க இருக்கு."

"அதுவும் சரிதான்," என்றார் அவர். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "மனசைத் தளர விட்டுராதிய," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்ன நிம்மதியோடு இசக்கிராஜா பாட்டரியைத் தொட்டுப் பார்த்தான். பதினாலு சதவீதம் ஏறியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு படங்களையும் பார்த்தான். ஒரு கல்யாணமே இடதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேண்டிட், அதாவது அவரவருக்கே தெரியாமல் எடுத்தது, என்று சொல்லிவிடலாம். கேண்டிட்டுக்கு இந்தக் காலத்தில் தனி மரியாதை. 'டடக்' தொடங்கிய பிறகும் நேராகப் பார்த்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மீசைக்காரர். அறுபத்துநாலு படம்.

கதவைத் தள்ளிக்கொண்டு சீனித்தாய் உள்ளே வந்தார். கையில் கடம்பூர்ப் போளி டப்பா.

"ராசா, வாயைத் தொற."

"என்னக்கா?"

"தொறன்னேன்." போளியைத் திணித்தார். "கழுகுமலையில சம்மதம் சொல்லிட்டாவ."

இசக்கிராஜாவுக்கு மெல்லத் தோன்றவில்லை. "நெசமாவா? அவரு மூஞ்சியில ஈயாடலையேக்கா. கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

"யாரு?"

"பொண்ணோட அப்பாதான். இந்தா." அறுபத்துநாலில் மிகச் சிறந்ததைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான்.

சீனித்தாய் குனிந்து பார்த்தார். "இது மண்டபத்து மேனேஜருல்லா. நாற்காலி எண்ண உட்கார்ந்திருப்பாரு. பொண்ணோட அப்பாவுக்கு ஏது மீசை? வழிச்ச மூஞ்சி, கண்ணாடி போட்டிருப்பாரு, சாப்பிட்டதும் வெத்தலை வேணும் அவருக்கு."

போளி அப்படியே நின்றது. சுண்ணாம்பு தடவிய விரல், தேங்காய் மிஷின், தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக மேடை ஏறி வந்தன. கேமராவில் கார்டு இல்லை என்று அவரிடமேவா சொன்னோம்?

ஆனாலும் சம்மதம் சொல்லியிருக்கிறாரே. அவன் யோசித்தான். ஒன்றுமே மறைக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறோம். வாத்தியார் அல்லவா. உண்மைக்கு மார்க் போட்டிருக்கிறார். போளி மறுபடியும் இனிக்கத் தொடங்கியது.

"என்னக்கா சொன்னாரு என்னைப் பத்தி?"

"பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமையாம். வயசானவிய கிட்ட என்ன மரியாதைங்காரு. வாத்தியாரு வாயில அப்படி ஒரு பாராட்டு நான் கேட்டதே இல்ல."

"நம்ம வேலையைத்தானக்கா நாம செஞ்சோம்," என்றான் இசக்கிராஜா, இன்னொரு போளியை எடுத்துக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணுதான் கறாராச் சொல்லியிருக்காரு," என்றார் சீனித்தாய். "சின்னக் கேமராவை வச்சுக்கிட்டு நாள் பூரா உன்னை ஏவிக்கிட்டு, கடைசியில சமையல்கட்டு வாசல்ல உட்கார்ந்து உனக்குத் தொழிலே தெரியாதுன்னு அவர்கிட்டயே சொன்னானாமே ஒரு அசிஸ்டெண்டு, அவனைக் கல்யாணத்துக்கு முந்தி வேலையை விட்டு நிறுத்திரணுமாம்."